வைக்கிங் மரபை வெறுப்பிடம் விட்டுக்கொடுக்காதவர்கள்

நார்வேயின் மெட்டல் இசையைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் பத்தியிலேயே ஒரு தேவாலயம் எரிந்துவிடுகிறது. 1992 ஜூன் 6 அன்று பெர்கன் நகரின் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் தீக்கிரையானது. ஏறத்தாழ 1150-ஆம் ஆண்டில் வேறோர் ஊரில் கட்டப்பட்டு, 1883-ல் பலகை பலகையாகப் பிரித்து பெர்கனுக்குக் கொண்டுவரப்பட்ட கட்டடம் அது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று ஆஸ்லோவில் 'மேஹெம்' குழுவின் கிட்டார் கலைஞர் யூரோனிமஸ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவரும் ஓர் இசைக்கலைஞரே, வார்க் விகெர்னெஸ். அவருக்குக் கிடைத்தது 21 ஆண்டுச் சிறை. இந்தச் சம்பவங்களை வைத்து 1998-ல் 'லார்ட்ஸ் ஆஃப் கேயாஸ்' என்ற புத்தகம் வந்தது. இருபது ஆண்டு கழித்து அதே பெயரில் திரைப்படமும் வந்தது.

நடந்தது நடந்ததுதான். அதை மூடி மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில், அதே பெர்கனில், மேஹெம் பதிவு செய்த அதே ஒலிப்பதிவுக் கூடத்தில், அதே யூரோனிமஸின் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ஒரு குழு இருக்கிறது. அவர்கள் எதையும் கொளுத்தவில்லை, யாரையும் கொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இசை மட்டுமே செய்துவருகிறார்கள். குழுவின் பெயர் என்ஸ்லேவ்ட். கொலையும் தீயும் புத்தகமாகவும் படமாகவும் உலகைச் சுற்றிவர, இவர்கள் கதை மெட்டல் ரசிகர்களின் வட்டத்தைத் தாண்டாமல் கிடக்கிறது. இது நியாயமில்லை. நார்வே மெட்டலிலிருந்து உலகம் கற்றுக்கொள்ள ஏதாவது உண்டு என்றால், அது விகெர்னெஸின் வழக்குக் கட்டில் இல்லை, என்ஸ்லேவ்டின் பதினாறு ஆல்பங்களில் இருக்கிறது.

1991-ல் நார்வேயின் மேற்குக் கரையில், ஹவுகசுன்ட் பகுதியில் இரண்டு பையன்கள் சேர்ந்து குழுவைத் தொடங்கினார்கள். கிட்டார் வாசித்த ஈவார் பியோர்ன்சனுக்கு வயது 13. பேஸ் கிட்டார் வாசித்துப் பாடிய குரூட்லே ஷெல்சனுக்கு 17. இந்த வயதுகளைப் படித்துவிட்டு அப்படியே கடந்துபோய்விடக் கூடாது. யூரோனிமஸ் கொல்லப்பட்டபோது பியோர்ன்சனுக்கு இன்னும் 16 நிரம்பவில்லை. தன் முதல் ஆல்பத்தை வெளியிட ஒப்புக்கொண்டவர் கொலையாகிவிட்டார், கொலை செய்தவரும் அதே வட்டத்து ஆள், சுற்றியிருந்த அண்ணன்மார் சிலர் தேவாலயங்களைக் கொளுத்தியதற்காகக் கைதாகிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வயதுப் பையன் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம்.

அவர்களைத் தாங்கிப் பிடித்ததில் அவர்கள் வளர்ந்த மண்ணுக்கும் பங்கு உண்டு. ஹவுகசுன்ட் ஊருக்கு வடக்கே கடலைப் பார்த்தபடி ஹரால்ட்ஸ்ஹவுகன் என்ற நினைவிடம் நிற்கிறது. நார்வேயை ஒரே அரசாக ஒன்றிணைத்ததாகச் சொல்லப்படும் ஹரால்ட் மன்னர் அங்கேதான் புதைக்கப்பட்டார் என்பது மரபு. அந்த ஒன்றிணைப்பின் ஆயிரமாவது ஆண்டு என்று கொண்டாடி, 1872-ல் 17 மீட்டர் உயரக் கருங்கல் தூணை எழுப்பினார்கள். அதைச் சுற்றி 29 கற்கள், பழைய சிறு நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். தெற்கே பக்கத்திலேயே கார்மோய் தீவு. மன்னரின் அரண்மனை இருந்த அவால்ட்ஸ்னெஸ் அங்கே இருக்கிறது. கப்பலோடு சேர்த்து மனிதரைப் புதைத்த பெரிய மேடுகளும் அந்தத் தீவில் உண்டு. வைக்கிங் காலம் அங்கே பாடப்புத்தகத்தோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை, சைக்கிளில் போய்ப் பார்த்துவரக்கூடியது.

எனவே மேஹெம் போன்ற பிளாக் மெட்டல் குழுக்கள் சாத்தானைப் பாடிக்கொண்டிருந்தபோது இந்தப் பையன்கள் ஓடின், ஹெய்ம்டால், லோகி என்ற நார்ஸ் தெய்வங்களைப் பாடினார்கள். 1994-ல் வெளிவந்த முதல் முழு ஆல்பமான 'வைக்கிங்லிகர் வெல்டி'யில் பெரும்பாலான வரிகள் ஐஸ்லாந்து மொழியில் இருக்கின்றன. காரணம் எளியது. நார்வேயிலிருந்து ஐஸ்லாந்துக்குப் போய்க் குடியேறியவர்கள் கொண்டுபோன பழைய நார்ஸ் மொழி, நார்வேயில் உருமாறிவிட்டாலும் ஐஸ்லாந்தில் பெருமளவு அப்படியே தங்கிவிட்டது. நார்ஸ் புராணங்களை நமக்குக் காப்பாற்றித் தந்ததும் ஐஸ்லாந்துதான். 13-ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டூர்லுசன் என்ற ஐஸ்லாந்துக்காரர் எழுதிவைத்த 'எட்டா' இல்லையென்றால் இந்தத் தெய்வங்களில் பலரின் கதை நமக்குத் தெரிந்திருக்காது. பதின்வயதுப் பையன்கள் தங்கள் முன்னோர் மொழியைத் தேடி இன்னொரு நாட்டின் பேச்சுமொழி வரை போயிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மரபுப் பற்று எது?

பதிவு நடந்த இடமும் சொல்லத் தக்கது. பெர்கனின் கிரீக்ஹாலன் என்பது எட்வர்ட் கிரீக்கின் பெயரைத் தாங்கிய இசையரங்கம். 1765-ல் தொடங்கிய பெர்கன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இல்லம். அதே கட்டடத்துக்குள் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், பிட்டன் என்று அழைக்கப்பட்ட ஒலிப்பொறியாளர் ஐரிக் ஹுன்ட்வின் மேஹெம், எம்பரர், இம்மார்ட்டல், என்ஸ்லேவ்ட் என்று அந்தத் தலைமுறையையே பதிவு செய்தார். ஊரே அருவருத்து ஒதுக்கிய இசைக்கு நகரின் மிக மதிப்பான இசைக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஆறு நிமிடம், பத்து நிமிடம் என்று நீளும் பாட்டுகளை இந்தப் பொடியன்கள் எழுதிக்கொண்டு வந்தபோது, வயதைப் பார்த்து யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். தொடக்க கால என்ஸ்லேவ்டில் வாளின் பளபளப்பு அதிகம். 1997-ல் வந்த 'எல்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு பதினாறு நிமிடம் ஓடுகிறது. அதன் பொருள் 793-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கரையோரத் தீவான லின்டிஸ்ஃபார்ன் மடாலயத்தின் மீது வைக்கிங்குகள் நடத்திய தாக்குதல். இசையாகப் பார்த்தால் அபாரமான பாட்டு. மெதுவாக, கடலில் மரக்கலம் நெருங்குவதுபோல் கீபோர்டு ஒலியில் தொடங்கி, ஆண்குரல்கள் சேர்ந்திசைக்கும் பகுதிகளை எல்லாம் தாண்டிப் போகிறது. ஆனால் அந்த நாளில் அங்கே வெட்டுண்டவர்கள் ஆயுதம் இல்லாத துறவிகள். இருபது வயதின் வீர வழிபாடு அதை யோசிக்க நின்றதாகத் தெரியவில்லை.

வைக்கிங் மரபை ஏந்துவது நார்வேயில் விளையாட்டுக் காரியம் இல்லை. 1940 முதல் 1945 வரை நாஜிகள் நாட்டை ஆக்கிரமித்திருந்தபோது அவர்களோடு கைகோத்த விட்குன் குவிஸ்லிங்கின் கட்சி, மக்களைத் திரட்ட எடுத்துக்கொண்டதே இந்த மரபைத்தான். போர்ரே என்ற இடத்தின் பழைய அரசர் மேடுகளுக்கு நடுவே அந்தக் கட்சி பெரும் கூட்டங்களைக் கூட்டியது. அதன் அடியாள் படைக்கு வைக்கிங் மன்னர்களின் மெய்க்காவல் படையின் பெயரே வைக்கப்பட்டது. ஹிட்லரின் எஸ்எஸ் படைப்பிரிவு ஒன்றுக்கு 'வைக்கிங்' என்று பெயர். அதில் நார்வே இளைஞர்களும் போரிட்டார்கள். குவிஸ்லிங் 1945 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆனால் அவன் கறைப்படுத்திய பழைய ரூன் எழுத்துகளும் நார்ஸ் தெய்வம் தோரின் சுத்தியலும் அதோடு தூய்மையாகிவிடவில்லை. இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளை இனவெறிக் கும்பல்கள் அவற்றைப் பச்சை குத்திக்கொண்டு திரிகின்றன. விகெர்னெஸ் போனதும் அந்தப் பக்கம்தான்.

இந்தச் சூழலில் ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று, கறை படிந்துவிட்டது என்று மரபையே கைகழுவுவது. அல்லது, மரபு வேண்டும் என்று வெறுப்பாளர்களோடு போய் நிற்பது. என்ஸ்லேவ்ட் இரண்டையும் மறுத்தது. நாங்கள் நாஜிகள் இல்லை, இனவெறிக்கு எங்களிடம் இடமில்லை என்று குழுவினர் பேட்டிகளில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவந்திருக்கிறார்கள். அதே மூச்சில் ரூன்களை விட்டுத்தரவும் மறுத்தார்கள். பொது நூலகத்தை ஒரு ரவுடி ஆக்கிரமித்துவிட்டால் ஊர்க்காரர்கள் புத்தகங்களைக் கைவிட்டுப் போக மாட்டார்கள், ஆளைத்தான் வெளியேற்றுவார்கள். என்ஸ்லேவ்ட் செய்ததும் அதுதான்.

அறிக்கைகளைவிட அவர்களுடைய இசையே இந்த மறுப்பை உரக்கச் சொன்னது. வெறுப்பு அரசியலுக்கு மரபு என்பது உறைந்து கிடக்க வேண்டும். யாரும் கை வைக்கக் கூடாது, கலப்பு கூடாது. என்ஸ்லேவ்டோ 2000 வாக்கில் பிங்க் ஃபிலாய்ட், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் ஆகிய பிரிட்டிஷ் ராக் குழுக்களைத் தங்கள் இசைக்குள் வெளிப்படையாகக் கூப்பிட்டு உட்கார வைத்தது. 2001-ல் வந்த 'மோனுமென்ஷன்' ஆல்பத்தில் அந்த மாற்றத்தின் வாசனை பலமாக அடிக்கிறது. 2003-ல் வந்த 'பிலோ த லைட்ஸ்' அதைத் தன் சொந்த மொழியாகவே மாற்றிக்கொண்டது.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டை நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம். மெல்லோட்ரான் சாயல் கொண்ட ஒலியோடு அது திறக்கிறது. மெல்லோட்ரான் என்பது 1960-களில் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்த கீபோர்டு வகை. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால், ஏற்கனவே அதில் பதிவு செய்யப்பட்ட புல்லாங்குழலோ வயலினோ ஏறத்தாழ எட்டு நொடி ஒலிக்கும். நாடா ஓடும் லேசான தள்ளாட்டத்தால் அந்த ஒலியில் ஒரு நடுக்கம் இருக்கும், தூரத்திலிருந்து கேட்பது போன்ற ஏக்கம் இருக்கும். பிரிட்டிஷ் புரோக்ரசிவ் ராக்கின் அடையாள ஒலி அது. அதன் மேல் நார்வே பிளாக் மெட்டலின் கிட்டார் வந்து இறங்குகிறது. ஒரே சுரத்தை மின்னல் வேகத்தில் மேலும் கீழும் மீட்டி, தனித்தனி மீட்டல் காதில் விழாமல் ஒரு பெரும் திரை போல ஒலிக்க வைக்கும் முறை. இரண்டும் மோதும் என்றே எதிர்பார்ப்போம். மோதவில்லை. ஒரே குளிர், ஒரே சோகம் இரண்டிலும் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புலப்படுகிறது. இதைக் கண்டுபிடித்ததுதான் என்ஸ்லேவ்டின் மேதைமை. குரல்வளை கிழியும் கரகரத்த குரல் இருந்த இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் தெளிந்த குரலும் வந்து சேர்கிறது.

பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. 1994-ல் வந்த இரண்டாவது ஆல்பமான 'ஃப்ராஸ்ட்' மாதிரியே இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஆசையில் அன்பு இருக்கிறது, ஆனால் அந்த அன்புக்குக் கட்டுப்பட்டிருந்தால் என்ஸ்லேவ்ட் தன்னையே நகலெடுக்கும் குழுவாக முடங்கியிருக்கும். 1998-ல் வந்த 'புளூட்ஹெம்' அப்படி ஆகியிருக்கக் கூடிய ஆபத்தைக் காட்டுகிறது. வேகம் இருக்கிறது, சீற்றம் இருக்கிறது, புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை.

2002-ல் கிட்டார் கலைஞர் ஆர்வே இஸ்டால், 2003-ல் டிரம்ஸ் வாசிக்கும் காட்டோ பெக்கெவோல்ட், 2004-ல் கீபோர்டோடு தெளிந்த குரலும் தந்த ஹெர்பிரான்ட் லார்சன் என்று ஆட்கள் வந்து சேர, குழுவுக்கு ஒரு நிலையான அமைப்பு கிடைத்தது. இந்த ஐவரும் 2016 வரை பிரியவில்லை. ஆறு ஆல்பங்கள். 2004-ல் வந்த 'ஈசா' நார்வேயின் முதன்மையான இசை விருதான ஸ்பெல்லமன் விருதைப் பெற்றது. 2006-ன் 'ரூன்' ஆல்பத்துக்கும் அதே விருது கிடைத்தது. 2008-ன் 'வெர்டிப்ரே' ஆல்பத்தின் ஒலிக்கலவையைச் செய்தவர், அமெரிக்காவின் 'டூல்' குழுவோடு வேலை பார்த்த ஜோ பாரேசி. 2010-ல் நெதர்லாந்தின் ரோட்பர்ன் விழா இவர்களைத் தன் சிறப்புக் கலைஞர்களாக அழைத்தது.

அதே 2010-ல் வந்த 'அக்சியோமா எதிகா ஒடினி' ஆல்பத்தில் நின்று பேச வேண்டும். லின்டிஸ்ஃபார்னைத் தாக்கிய வாள் இங்கே இல்லை. தலைப்பே ஓடினின் அறநெறியைப் பற்றியது. ஓடின் சொன்னதாக மரபில் வழங்கும் அறவுரைத் தொகுப்பான 'ஹாவமால்' இதற்குப் பின்னணி. வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு நெருப்பும் உணவும் உலர்ந்த துணியும் கொடு, குடியில் அளவோடு இரு, நண்பனின் வீட்டுக்கு அடிக்கடி போய்வா என்பது போன்ற நடைமுறை ஞானம் நிறைந்தது அது. அது இடம்பெற்ற 13-ஆம் நூற்றாண்டு ஏட்டுப்பிரதி நூற்றாண்டுகளாக டென்மார்க்கில் இருந்து, 1971-ல் போர்க்கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. துறைமுகத்தில் மக்கள் கூட்டமாக நின்று அதை வரவேற்றார்கள். வைக்கிங் மரபு என்றால் கோடரி மட்டும்தான் என்று நினைக்கும் வெறியர்கள் இந்த ஏட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வாளில் தொடங்கிய பையன்கள் இருபது ஆண்டில் விருந்தோம்பலின் நூலுக்கு வந்து சேர்ந்தார்கள். மரபை ஆழமாகப் படிக்கிறவருக்கு நடப்பது இதுதான்.

நாடும் இதைக் கவனித்தது. 1814 மே மாதம் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் நார்வேயின் அரசியல் சட்டம் எழுதப்பட்டது. அதன் இருநூறாவது ஆண்டை ஒட்டி, 2014 செப்டம்பரில் அதே ஐட்ஸ்வோலில் ஈவார் பியோர்ன்சனும் 'வார்ட்ரூனா' குழுவின் ஐனார் செல்விக்கும் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்குக்ஷோ' என்ற நெடிய இசைப்படைப்பு அரங்கேறியது. மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். குதிரை முடியில் நரம்பு கட்டி வில்லால் இழைக்கும் பழைய யாழும் ஆட்டுக் கொம்பும் மறுபக்கம். தேவாலயத் தீயால் அறியப்பட்ட ஓர் இசை மரபிலிருந்து வந்தவரை, சட்டத்தின் இருநூறாம் ஆண்டுக்கு இசையமைக்கக் கேட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1814-ன் அந்தச் சட்டமே முதலில் யூதர்களுக்கு நாட்டுக்குள் இடமில்லை என்று எழுதிவைத்திருந்தது, 1851-ல்தான் அது நீக்கப்பட்டது என்பதையும் நினைத்துக்கொண்டால், நார்வே தன் கடந்த காலத்தைக் கண்ணாடியில் பார்க்க இப்படியொரு படைப்பு தேவைப்பட்டது புரியும். அடுத்து பெர்கன் பன்னாட்டு விழாவும் இதே இருவரிடம் 'ஹுக்ஷோ' என்ற படைப்பைக் கேட்டு வாங்கியது.

2016-ல் லார்சன் விலக, கீபோர்டுக்கும் பாட்டுக்கும் இளைஞரான ஹோகன் வின்யே வந்தார். 2018 முதல் டிரம்ஸ் வாசிப்பவர், அதற்கு முன் குழுவின் ஆல்பங்களைத் தயாரிப்பதில் உடனிருந்த ஈவர் சான்டோய். ஆட்கள் மாறியும் தேடல் நிற்கவில்லை. வின்யே சேர்ந்த முதல் ஆல்பமான 2017-ன் 'ஈ' ஒரு ரூன் எழுத்தின் பெயரைத் தாங்கியது. அந்த எழுத்து குதிரையைக் குறிப்பது. முதல் பாட்டில் குதிரைகளின் சத்தம் கேட்கிறது, பதினோரு நிமிடத்தில் பாட்டு அமைதியிலிருந்து புயலுக்குப் போகிறது. நார்வேயின் மின்னணு இசைக் குழுவான ராய்க்சாப்பின் பாட்டு ஒன்றையும் அதே சமயத்தில் தங்கள் பாணியில் பாடியிருக்கிறார்கள். எந்தத் தூய்மைவாதிக்கும் இது பிடிக்காது. 2020-ல் 'உட்கார்ட்', 2023-ல் 'ஹெய்ம்டால்' என்று பயணம் தொடர்கிறது.

குறையும் உண்டு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆல்பங்களில் ஒரு வார்ப்பு படிந்துவிட்டது. சரணத்தில் கரகரத்த குரல், பல்லவியில் தெளிந்த குரல், நடுவில் ஒரு மெதுவான கீபோர்டு இடைவெளி. 'இன் டைம்ஸ்' ஆல்பத்தில் இது சலிப்பூட்டும் அளவுக்குப் போகிறது. ஆனால் ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு குழு தன் பாணியில் சற்று இளைப்பாறுவது மன்னிக்கக் கூடியதே. பத்திரிகைகள் அந்தக் குழுவை விட்டுவிட்டு முப்பது ஆண்டுக்கு முந்தைய கொலையையே மறுபடி மறுபடி அச்சிடுவதை மன்னிப்பது கடினம். கொலைகாரன் மீது விழும் வெளிச்சம் அவனுக்குப் புதிய சீடர்களைச் சேர்த்துத் தருகிறது. பதினான்கு வயதில் கிட்டாரோடும் கோபத்தோடும் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு, பின்பற்றக் கூடிய இன்னொரு வழி கண்ணில் பட வேண்டாமா? அந்த வழியில் நடந்துகாட்டியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், மேடை ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இசையைக் கேட்டே பழகாதவர்கள் 'ஈசா'விலிருந்து தொடங்குவது நல்லது. தலைப்புப் பாட்டு நான்கு நிமிடத்துக்கும் குறைவு, குழுவின் எல்லாக் குணங்களும் அதில் சுருக்கமாக இருக்கின்றன. பிறகு 'பிலோ த லைட்ஸ்'. கரகரத்த குரல் காதுக்கு உறுத்தினால், 'ஸ்குக்ஷோ'வைக் கேட்டுவிட்டு இங்கே திரும்பலாம். 'வைக்கிங்லிகர் வெல்டி'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தே பாட்டு, ஏறத்தாழ ஐம்பது நிமிடம். மெல்லோட்ரான் வந்து சேருவதற்குப் பத்து ஆண்டு முன்பே, அந்த நீண்ட பாட்டுகளின் அடியில் கீபோர்டு தனியாக ஒரு ராகத்தைத் தேடிக்கொண்டிருப்பது அப்போது காதில் விழும்.